மூன்றாம் களம்

தொடரில் நான் செத்து ஏழு மாதமாகிறது.
ஹாலில் மாட்டிய போட்டோவில் இன்னும் நடிக்கிறேன்.
சந்தன மாலை, சுற்றிலும் சீரியல் பல்பு.
கீழே மருமகள்கள் சண்டை போடுகையில்
கேமரா ஒருமுறை என்னிடம் வந்து போகும்.
அதற்குச் சம்பளம் கிடையாது.
"போட்டோ எங்களோடதுதானே மேடம்" என்றார் மேனேஜர்.

பதினோரு வருடம் பெரிய அண்ணி.
தரையில் ஒட்டிய சிவப்பு டேப்பில்
கட்டைவிரல் படும்படி நின்று
இடது கண்ணில் மட்டும் அழத் தெரியும் எனக்கு.
வலது கண் லைட்டுக்கு வராது.

அம்மாப்பேட்டைச் சீட்டை நாலாம் மாதமே தள்ளி எடுத்தேன்.
கையில் வந்தது ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம்.
"இதுல படமா? ஒரு நிச்சயதார்த்தம்கூட நடக்காது" என்ற
ரஹமத்துல்லாதான் கேமராமேன்.
செவ்வாய்ப்பேட்டையில் கல்யாண வீடியோ எடுப்பவன்,
முகூர்த்தமில்லாத நாளில் மட்டும் வருவான்.
ஆக என் படத்துக்கு ஷெட்யூல் போட்டது பஞ்சாங்கம்:
அஷ்டமி, நவமி, கரிநாள்,
அப்புறம் மார்கழி முழுவதும்.

கதை என்று ஒன்று எழுதி வைத்திருந்தேன்.
ஏற்காட்டுப் பாதை, பதினாலாவது கொண்டை ஊசி, பனி.
ஒருத்தி பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள்,
திரும்பிப் பார்க்கிறாள்.
மூன்று நாள் ஏறினோம்.
நாங்கள் போனால் வெயில்.
இறங்கி அடிவாரத்தில் டீ குடித்தால்
தலைக்கு மேல் மலை வெள்ளையாய் மூடிக்கொள்ளும்.
நாலாம் நாள் வண்டியைக் குப்பனூர் பக்கம் திருப்பினோம்,
கோபத்தில்தான்.

அங்கே அந்த ஜவ்வரிசி ஆலை.
மூன்று களம். சிமெண்டுத் தரை தெரியாத வெள்ளை.
குச்சிக்கிழங்குப் பாலின் புளித்த வாடை.
பின்னால் சேர்வராயன் நீலமாய்க் கிடந்தது,
டயலாக் இல்லாத துணை நடிகனைப் போல.
ரஹமத்துல்லா செருப்பைக் கழற்றினான்.
"அக்கா, தெர்மாகோல் வேண்டாம்.
தரையே முகத்துக்கு லைட் அடிக்குது."

பாவாயி என்று பேர். நாற்பத்தைந்து இருக்கலாம்.
கையில் தள்ளு பலகை, தலையில் துண்டு.
"எங்கீங்க நிக்கறது?" என்றாள்.
பையில் சிவப்பு டேப் இருந்தது. எடுத்தேன்.
அந்த வெள்ளையில் அதை எங்கே ஒட்டுவது?
"நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றேன்
'ஆக்‌ஷன்' என்பதற்குப் பதிலாக.

அவள் தள்ளினாள்.
ஈரம் மேலே வர, காய்ந்தது கீழே போக,
பலகை போன வழியெல்லாம்
உழுத சால்போல் கோடு கோடாய்.
வடக்கோரம் வரை போய்த் திரும்பினாள்.
ஒரு காக்கையை விரட்டினாள்.
நடுவில் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்தது
மலையையா ஆலைக் கடிகாரத்தையா, தெரியாது.
மூக்கைச் சிந்தினாள். மறுபடி தள்ளினாள்.

நான் காத்திருந்தேன்.
பதினோரு வருடமாக அதுதானே வேலை.
அழுகை முடிந்த பிறகும் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு
விளக்குகளுக்குப் பின்னாலிருந்து யாரோ சொல்லப்போகும்
அந்த ஒரு சொல்லுக்காக நிற்பது.
கால் மரத்தது.
இன்னும் ஏன் யாரும் சொல்லவில்லை என்று
சுற்றிக்கூடப் பார்த்தேன்.

"அக்கா, கார்டு ஃபுல்."

இருபத்திரண்டு நிமிஷம்.
மூன்றாம் களம் முழுக்கத் தள்ளி முடித்து
பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு
பாவாயி எங்களிடம் வந்தாள்.
"எப்பங்க ஆரம்பிப்பீங்க?"

அதை நான் வெட்டவில்லை.
எடிட்டிங் பையன் கெஞ்சியும் வெட்டவில்லை.
பஸ்ஸிலிருந்து இறங்குகிறவள்தான் படத்தில் இல்லை.

கருங்கல்பட்டியில் ஒரு டியூஷன் சென்டர்.
கரும்பலகை மேல் வேட்டி கட்டி முதல் காட்சி.
பதினேழு பேர்.
எட்டாவது நிமிஷத்தில் ஆறு பேர் எழுந்து போனார்கள்,
நிழல் திரையில் விழக்கூடாதென்று குனிந்து, மரியாதையாக.

பாவாயி முன் பெஞ்சில்.
வேட்டியின் வலது மேல்மூலையைக் காட்டி
பக்கத்தில் இருந்த என்னிடம் மெல்லச் சொன்னாள்:
"அந்த ஓரம் சரியாக் காயலைங்க.
இன்னொரு தரம் தள்ளியிருக்கணும்."